ஆறு மா குத்தகையும் அவலாஞ்சி மீனும்

காத்தான் மச்சானைப் பற்றி யாராவது ‘பாவம், வெள்ளந்தி மனுஷன்’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளந்தியாம், வெள்ளந்தி! இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவர் ஒன்றும் புத்தி கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த சூட்சுமம் சுற்றுவட்டாரத்தில் எவனுக்கும் கிடையாது. அந்தக் கையை வைத்தே அவரைக் கவிழ்த்தார்கள். என் வயிற்றெரிச்சல் அதுதான்.

அவர் என் அக்காள் செவ்வந்தியின் புருஷன். எங்கள் ஊர் மருதஞ்சேரி, குத்தாலத்துக்குத் தெற்கே மூன்று மைல். ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் மிராசுதார் நாகநாதனுடையது. அதில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், மச்சானிடம் குத்தகைக்கு இருந்தது. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா உழுதார். இதற்குக் காகிதம் கிடையாது, ரசீது கிடையாது. அறுப்பு முடிந்ததும் குத்தகை நெல்லைப் பண்ணை வீட்டுக் களஞ்சியத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கைகட்டி நின்று, ‘வரேனுங்க ஆண்டே’ என்று சொல்லிவிட்டு வருவார். விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்த பிறகு எங்கள் தெருவில் அந்த ‘ஆண்டே’ ஒழிந்து ‘ஐயா’ ஆகியிருந்தது. மச்சான் வாயில் மட்டும் ஒழியவில்லை. நான் சங்கத்தின் கிளைச் செயலாளர். என் அக்காள் வீட்டுக்காரரே இப்படி என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

மீன் கதைக்கு வருகிறேன். ஊர்க் குளத்தின் மீன் குத்தகை பெயருக்குப் பஞ்சாயத்துடையது, அனுபவிப்பது நாகநாதன். எங்கள் தெரு ஆள் தூண்டிலோடு கரையில் நின்றால் திருடன் என்று கட்டிவைத்து விடுவார்கள். குளிக்க இறங்கினால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அதனால் எங்கள் ஆட்கள் தூண்டில் இல்லாமலே மீன் பிடிக்கப் பழகினார்கள். தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்து, கரைப் பொந்துக்குள் கையை மெதுவாக விட்டு, படுத்திருக்கும் விராலின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே போய்ச் செவுளில் இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் மீன் போய்விடும். பொந்தில் தண்ணீர்ப் பாம்பு இருந்தால் கையே போய்விடும் என்று பயந்து நிறையப் பேர் பாதியில் எழுந்துவிடுவார்கள். மச்சான் எழ மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போலத் தடவுவார். வெளியே வரும்போது வேட்டி மடியில் இரண்டு கிலோ விரால் துள்ளும். ஒரு தடவை நாகநாதனே கரையிலிருந்து பார்த்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தோம். சிரித்துவிட்டு, ‘மீனைப் பண்ணைக்குக் கொண்டு வந்து குடு’ என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பண்ணை வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மச்சானுக்கு ஆள் வரும்.

எழுபத்தொன்றாம் வருஷம் வைகாசி மாதம். தேர்தல் முடிந்து ஆளுங்கட்சியே மறுபடி வந்திருந்த சமயம். நாகநாதன் காலமெல்லாம் கதர் கட்டிய மனிதர். தேர்தல் முடிவு வந்த மறுவாரம் தோள் துண்டில் கறுப்பு சிவப்புக் கரை ஏறிவிட்டது. அதே கட்சி கொண்டு வந்த சட்டம்தான் அவருக்கு வினையாக வந்தது: குத்தகை நிலத்தை யார் உழுகிறானோ அவன் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் எழுதுவார்கள். எழுதிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. ரசீது இல்லாதவன் அதிகாரி முன்னால் நேரில் வந்து நின்று, ‘இந்த நிலத்தை நான் உழுகிறேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டோரா போட்டார்கள். அன்று சாயங்காலமே நாகநாதன் மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார்.

திரும்பி வந்தபோது மச்சான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "மாப்ளே, நாளைக்கு ஆண்டேயோட ஊட்டிக்குப் போறேன். கார்ல. அங்க மலைமேல ஒரு ஏரியில வெள்ளைக்காரன் வுட்ட மீனு இருக்காம். ஆண்டேயோட சிநேகிதரு, கட்சியில பெரிய ஆளு, அந்த மீனைப் பிடிக்க வர்றாராம். காத்தான் இல்லாம ஆவாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"எப்ப திரும்புவீங்க?"

"எட்டு நாளு ஆவும்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மச்சான், வெள்ளிக்கிழமை பேர் எழுத வர்றாங்க. உங்களை இங்கேருந்து கெளப்பத்தான் கூட்டிட்டுப் போறாரு. இது கூடவா தெரியல?"

அவர் நிதானமாகச் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஏன்டா, ஆண்டே இல்லாம இந்த ஊருல எது நடந்திருக்கு? தேர் ஓடுமா? மதகு தொறப்பாங்களா? நெலத்துக்காரரே மலைமேல இருக்கும்போது அந்த அதிகாரி யாரைக் கேட்டு எழுதுவாரு? அவுங்க வந்தப்புறம்தான் எழுதியாவணும். அப்ப நானும் வந்துடுவேன்ல. இப்பப் போயி மாட்டேன்னு மூஞ்சியத் திருப்புனா, நாளைக்கு எனக்காக வாயைத் தொறப்பாங்களா?"

இதுதான் அவர் கணக்கு. அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததை வைத்துப் போட்ட கணக்கு. தேர் வடத்தை நாகநாதன் தொடாமல் யாரும் இழுத்ததில்லை. சர்க்கார் என்பது அவருக்கும் மேலே ஒன்று என்று மச்சானுக்கு யாரும் காட்டியதில்லை. நான் காட்டியிருக்க வேண்டும், பொறுமையாக. செய்தேனா? "எக்கேடாவது கெட்டுப் போங்க, போய் மீன் கழுவுங்க!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். அக்காள் மட்டும் ராத்திரி பூரா அழுததாகப் பிறகு சொன்னாள்.

அங்கே நடந்தது அவரே பலமுறை சொல்லித் தெரியும். காரில் டிரைவர் பக்கத்தில், முன் சீட்டில் உட்கார வைத்தார்களாம். ஊட்டிக்கும் அப்பால், அவலாஞ்சி பக்கம் ஒரு ஏரி. சுற்றிலும் புல் மலை, இறக்கத்தில் இருட்டுக்காடு. நம் பக்கத்துக் குளம் போல் கலங்கல் இல்லை, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். காலை வைத்தால் எலும்புக்குள் குளிர் ஏறும். நாகநாதன் ஒரு பழைய கம்பளிக் கோட்டைக் கொடுத்திருந்தார். அது மச்சானுக்கு முழங்கால் வரை வந்ததாம்.

அந்த மீனுக்கு டிரவுட் என்று பேர். வழவழவென்ற உடம்பு, செதில் கண்ணுக்குத் தெரியாது, பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு, மேலெல்லாம் கறுப்புப் பொட்டு. மண்புழுவைப் போட்டுப் பிடிக்கக் கூடாதாம். இறகைச் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியை முள்ளில் கட்டி, நீளக் கயிற்றை வீசி வீசி ஏமாற்ற வேண்டுமாம். கட்சிக்காரர் இரண்டு நாள் வீசினார். முள் ஒருமுறை அவர் காதில் மாட்டியது, ஒருமுறை நாகநாதன் துண்டில் மாட்டியது. மீன் வாயில் மட்டும் மாட்டவில்லை. மூன்றாம் நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாகநாதன் மச்சானைப் பார்த்தார்.

ஏரிக்கு மீன்துறை வாட்சர் ஒருவர் இருந்தார். ஜெக்கரியா என்று பேர், நாகூர் பக்கத்து மனிதர். அவர் சட்டம் பேசினார். "பர்மிட்டுல பேர் இல்லாத ஆளு தண்ணில எறங்கக் கூடாதுங்க." நாகநாதன் உடனே பேனாவை எடுத்துப் பர்மிட் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார். மச்சான் கட்டைவிரலை மையில் தொட்டு அதன் பக்கத்தில் வைத்தார். "சர்க்கார் பொஸ்தகத்துல எம்பேரு ஏறிட்டு மாப்ளே" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். அடப்பாவி மனுஷா! அதே வெள்ளிக்கிழமைதான் இங்கே வேறொரு சர்க்கார் புத்தகத்தில் உன் பேர் ஏறியிருக்க வேண்டும்.

மை காய்வதற்குள் ஜெக்கரியா பேச்சுக் கொடுத்திருக்கிறார். "குத்தாலம் பக்கமா? அங்கெல்லாம் இப்ப குத்தகைக்காரங்க பேரை எழுதுறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தானே. உனக்கு நெலம் கிலம் இல்லியா?"

"இருக்குங்க பாய், ஆறு மா. ஆண்டே இங்கதானே இருக்காங்க, போயி எழுதிக்குவோம்" என்று சொல்லிவிட்டு மச்சான் தண்ணீரில் இறங்கினார்.

ஏரியில் பிடிக்கவில்லை. மேலேயிருந்து ஏரிக்கு வந்து விழும் ஓடையில், புல் கரை கவிந்து நிழல் விழுந்த இடமாகப் பார்த்து, குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார். விரல் மரத்துப் போனதாம். மீன் கையில் படுவது தெரியவில்லை, மனதுக்குத்தான் தெரிந்தது என்பார். தடவினார். விரால் முரண்டு பிடிக்கும், இது சொக்கிப்போய் நின்றது என்றார். செவுளில் இறுக்கித் தூக்கிக் கரையில் எறிந்தபோது அந்தக் கட்சிக்காரர் விசில் அடித்தாராம். கையால் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆனால் அவ்வளவு பெரிய ஆள் விசில் அடிக்கும்போது வாட்சர் எந்தப் பக்கம் பார்ப்பார்? அன்று ஐந்து மீன். அதில் பெரியதை எடுத்துக் கட்சிக்காரர் தூண்டில் முள்ளில் மாட்டி, மச்சானே மறுபடி தண்ணீரில் விட்டார். கட்சிக்காரர் சுண்டி இழுத்தார். போட்டோ எடுத்தார்கள். மச்சான் ஓடையிலேயே ஒதுங்கி நின்றார், நடுங்கிக்கொண்டு, சந்தோஷமாக.

அதே நேரத்தில் மருதஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். நாகநாதன் ஊரில் இல்லாததால் ஒன்றும் நின்றுவிடவில்லை. அவருடைய காரியக்காரர் ரெத்தினம் அதிகாரப் பத்திரத்தோடு முன் வரிசையில் இருந்தார். சர்வே நம்பரைப் படித்து, ‘காத்தான் ஆஜரா?’ என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். அக்காள் எழுந்து, "நாங்கதாங்க உழுவுறோம், அவரு ஊட்டிக்குப் போயிருக்காருங்க" என்றாள். ஊட்டி என்றதும் கூட்டத்தில் சிரிப்பு. குத்தகைக்காரன் கோடைக்கு ஊட்டி போகிறானாமே! நான் எழுந்து பேசினேன், கத்தினேன். அதிகாரி கெட்டவர் இல்லை, சலித்துப்போய் என்னைப் பார்த்தார். "தம்பி, உழுறவர் வரணும். நீங்க அவர் மச்சினன்." ரெத்தினம் எழுந்து, "அது பண்ணையோட சொந்த சாகுபடிங்க, குத்தகையே இல்ல" என்று சொன்னார். ‘ஆஜரில்லை’ என்று எழுதி அடுத்த நம்பருக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை மச்சான் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ரெத்தினம் தெரியாம சொல்லியிருப்பாரு. ஆண்டே வந்துட்டாங்கள்ல, சரி பண்ணிடுவாங்க" என்றார். பண்ணை வீட்டுக்குப் போனார். வாசலில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றார். ஐயா தூங்குகிறார், ஐயா சாப்பிடுகிறார், ஐயாவுக்கு உடம்பு சரியில்லை.

நான் விடவில்லை. மாயவரத்தில் மேலதிகாரியிடம் அப்பீல் போட்டேன். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்வதாகச் சத்தியம் பண்ணினார்கள். விசாரணை நாளன்று இரண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல். அவர்கள் உழுவதும் நாகநாதன் நிலம்தானே. அக்காள் பேச்சும் என் பேச்சும் சொந்தக்காரர் பேச்சு என்று தள்ளுபடி. எதிர்ப்பக்கத்தில் நாகநாதன் வெள்ளை வெளேரென்று வந்து உட்கார்ந்திருந்தார். அவர் வக்கீல் ஒரு தாளை எடுத்து மச்சானிடம் நீட்டினார்.

"இது உன் கைரேகைதானே?"

"ஆமாங்க" என்றார் மச்சான், முகம் மலர்ந்து. "ஊட்டியில வச்சதுங்க. எம்பேரு எழுதியிருக்கு."

"பேருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"படிக்கத் தெரியாதுங்க."

"‘பண்ணையாள்’னு எழுதியிருக்கு. எதுக்குப் போனே?"

"மீனு பிடிக்கங்க. ஆண்டேக்கு."

வக்கீல் அதிகாரி பக்கம் திரும்பினார். "நிலம் குத்தகைக்கு எடுத்தவன் எஜமானோட எட்டு நாள் மலைக்குப் போய் மீன் பிடிச்சுக் குடுப்பானா, பண்ணையாள் பிடிச்சுக் குடுப்பானா? அதிகாரி அவர்கள் யோசிக்கணும்."

எனக்கு அந்த மேஜையைத் தூக்கி அவன் தலையில் போட வேண்டும்போல இருந்தது. அதிகாரி மச்சானைப் பார்த்து, கொஞ்சம் இரக்கமாகவே, "உன் பக்கம் வேற சாட்சி யாராவது உண்டாப்பா?" என்று கேட்டார்.

"இருக்குங்களே" என்றார் மச்சான். கைகூப்பி நாகநாதன் பக்கம் திரும்பினார். "ஆண்டே இதோ இருக்காங்க. எங்கப்பன் காலத்துலேருந்து அந்த ஆறு மாவ நாங்கதான் உழுவுறோம். அவுங்களுக்குத் தெரியாததா? அவுங்களையே கேளுங்க. அவுங்க பொய் சொல்ல மாட்டாங்க."

அந்த ஒரு நொடி நாகநாதன் வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று நானும்கூட நினைத்தேன். வெட்கம் கெட்டவன் நான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்ல பையன். ரொம்ப விசுவாசம். அப்பனும் நம்ம பண்ணையில கெடந்தவன்தான். கூலி குடுத்து உழச் சொன்னேன், உழுதான். யாரோ தூண்டி விட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பையனாம்! மச்சானுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அப்பீல் தோற்றது. பஸ்ஸில் குத்தாலம் வந்தோம். இறங்கும்போது, "ஆண்டேக்கு ஞாபகம் இல்ல போலிருக்கு மாப்ளே" என்றார். நான் விடுவிடுவென்று முன்னால் நடந்தேன். நின்றிருந்தால் கை நீட்டியிருப்பேன்.

அந்த ஆவணியில் அதே ஆறு மாவை அவரே உழுதார், தினக்கூலிக்கு. எந்த மூலை பள்ளம், எந்த வரப்பில் நண்டு வளை என்று அவருக்குத்தானே தெரியும்? ரெத்தினம் வரப்பில் குடையோடு நின்றார். அக்காள் அந்த வயலில் மட்டும் நடவுக்கு இறங்க மாட்டேன் என்று கும்பகோணம் ரோட்டில் கல் உடைக்கப் போனாள்.

இதற்கு மேல்தான் எனக்குச் சொல்லவே வாய் கூசுகிறது. அடுத்த வைகாசியிலும் கார் வந்தது. அவர் போனார். ஆமாம், போனார். நான் தெருவில் குறுக்கே நின்று, "வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இங்க நான் யாரு மாப்ளே? அங்க ஓடையில எறங்குனா அத்தனை பேரும் என் கையத்தான் பாப்பாங்க." அன்று ஒதுங்கி வழிவிட்டேன். அக்காள் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. நாலு கோடை அப்படிப் போய் வந்தார். குளிர் நெஞ்சில் தங்கி இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் வந்த ஆளைப் பெரிய மனிதர்கள் காரில் ஏற்றுவார்களா? அதோடு நின்றது.

தொண்ணூற்றொன்றில், ஐப்பசி அடைமழையில், அந்த இருமலிலேயே போய்ச் சேர்ந்தார். பண்ணையாள் செத்தால் பண்ணையிலிருந்து கோடித்துணி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். நாகநாதன் அதற்குள் போய்விட்டார், அவர் மகன் துணியைக் கொடுத்தனுப்பியிருந்தார். அக்காள் பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். "இவரு யாருக்கும் பண்ணையாள் இல்ல. ஆறு மா குத்தகைக்காரரு. எடுத்துட்டுப் போ" என்று சொல்லிப் பந்தலுக்கு வெளியே வீசினாள். அந்தக் கொட்டும் மழையில் நான் குத்தாலத்துக்கு ஓடிப்போய் வேறு துணி வாங்கி வந்தேன். இருபது வருஷத்தில் அன்று ஒருநாள்தான் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. அக்காளுக்குக் கண் மங்கிவிட்டது, கல் உடைக்க முடியாது. பிள்ளைகள் இல்லை. விதவை உதவித்தொகைக்கு மனு எழுதி, நானே கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துப் போனேன். புதிதாக வந்த சின்ன வயதுப் பையன், மரியாதையாக நாற்காலி போட்டான். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவன் நிமிர்ந்தான்.

"பாட்டி, இதைக் கேட்டுத்தான் ஆவணும். நெலம் ஏதாவது இருந்தா பணம் வராது. அவருக்குச் சொந்தமாவோ குத்தகையாவோ நெலம் இருந்துச்சா?"

அக்காள் என் பக்கம் திரும்பினாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"இல்லீங்க" என்றாள். "கூலிதான்."